காந்தியடிகளைக் கற்பிக்க இணைய வளங்கள்: தேர்வும் பொறுப்பும்

ஒரு தலைமுறைக்கு முன்னர், காந்தியடிகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியருக்குக் கிடைத்த துணைகள் மிகச் சிலவே. பாடநூல், 'சத்திய சோதனை', நூலகம் இருந்தால் ஓரிரு வாழ்க்கை வரலாறுகள் என்ற அளவோடு அவை முடிந்துவிடும். இன்று அதே ஆசிரியர் காந்தியடிகளின் பெயரை இணையத்தில் தேடினால் கட்டுரைகள், படங்கள், ஒலிப்பதிவுகள், பொன்மொழித் தொகுப்புகள் எனக் கணக்கற்ற பக்கங்கள் வந்து குவிகின்றன. முன்பு குறைவினால் இடர்ப்பட்ட ஆசிரியர், இப்போது மிகுதியினால் இடர்ப்படுகிறார். குவிந்து கிடப்பவற்றுள் எதை மாணவர் கையில் கொடுப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்வது ஆசிரியரின் பணி. பள்ளிகளுக்குப் பரிந்துரைப் பட்டியல் அனுப்பும் கல்வித் துறை அலுவலருக்கும் இப்பொறுப்பு உண்டு.

தளத்தின் தோற்றமோ, அதைப் பார்வையிட்டோர் எண்ணிக்கையோ இத்தேர்வுக்கு அளவுகோலாக முடியாது. ஒரு கூற்று எந்த நாளில், எந்த இடத்தில், எந்த மொழியில், யாரிடம் சொல்லப்பட்டது என்பதை அத்தளம் காட்டுகிறதா? மாணவர் அங்கிருந்து மூலத்திற்குச் சென்று சரிபார்க்க வழி உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடையளிக்கும் வளமே வகுப்பறைக்கு ஏற்றது. காந்தியடிகளைப் பொறுத்தவரை இவ்வாறு சரிபார்க்கும் வாய்ப்பு நம் நாட்டில் பிற தலைவர்கள் பலருக்கு இருப்பதைவிட மிகுதியாகவே உள்ளது. அதற்குக் காரணம், அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கப்பட்ட ஒரு பெரும் பதிப்புப் பணியாகும்.

நூறு தொகுதிகள்

காந்தியடிகளின் எழுத்துகள், உரைகள், கடிதங்கள், தந்திகள், பேட்டிகள் அனைத்தையும் கால வரிசையில் திரட்டி வெளியிடுவதென 1956ஆம் ஆண்டில் மத்திய அரசு முடிவு செய்தது. பணி வெளியீட்டுப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் தொகுதி 1958இல் வெளியாயிற்று. பாரதன் குமரப்பாவும், அவருக்குப் பின் ஜெயராம்தாஸ் தௌலத்ராமும் தலைமைப் பதிப்பாசிரியர்களாகப் பணியாற்றினர். 1960ஆம் ஆண்டில் அப்பொறுப்பை ஏற்றவர் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய கே. சுவாமிநாதன் ஆவார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் இப்பணியை நடத்தினார். நூறாவது தொகுதி 1994இல் வெளிவந்தது. முதல் 90 தொகுதிகள் கால வரிசையில் அமைந்தவை. பின்னர்க் கிடைத்தவை 91 முதல் 97 வரையிலான தொகுதிகளில் இணைப்பாகச் சேர்க்கப்பட்டன. 98ஆம் தொகுதி பொருள் அகராதி. 99ஆம் தொகுதி பெயர் அகராதி. 100ஆம் தொகுதி முன்னுரைகளின் தொகுப்பு. மொத்தம் 50,000 பக்கங்களுக்கு மேற்பட்டது இத்தொகுப்பு.

இதன் சிறப்பு அளவில் மட்டும் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் நாளும் இடமும் தரப்பட்டுள்ளன. அது எந்த மொழியில் எழுதப்பட்டது, எந்த இதழிலிருந்தோ கையெழுத்துப் படியிலிருந்தோ எடுக்கப்பட்டது என்பன அடிக்குறிப்பில் காணப்படுகின்றன. வகுப்பறைக்குத் தேவையான சான்று இதுவே.

ஒரே நூலின் இரு பதிப்புகள்

மூலத்தொகுப்பு என்ற பெயர் தாங்கிய அனைத்தும் ஒரே தரத்தன எனக் கருதிவிடலாகாது. 1990களின் இறுதியில் இத்தொகுப்பின் திருத்திய பதிப்பு ஒன்று குறுந்தகட்டிலும், தொடர்ந்து அச்சிலும் வெளியிடப்பட்டது. இணைப்புத் தொகுதிகளில் இருந்தவற்றைக் கால வரிசையில் உரிய இடங்களில் சேர்ப்பது இதன் நோக்கம். நோக்கம் நன்றாயினும் விளைவு அவ்வாறு அமையவில்லை. பல பதிவுகள் விடுபட்டிருந்தன. பதிப்பாசிரியர்களின் முன்னுரைகள் நீக்கப்பட்டிருந்தன. தொகுதி எண்களும் பக்க எண்களும் மாறியதால் பழைய ஆய்வு நூல்களில் காணும் மேற்கோள் குறிப்புகளைப் பயன்படுத்த இயலாமற் போயிற்று. அறிஞர்கள் இக்குறைகளைச் சான்றுகளுடன் எடுத்துக்காட்டினர். பின்னர் அரசு அத்திருத்திய பதிப்பைத் திரும்பப் பெற்றது. மூலப் பதிப்பின் நூறு தொகுதிகளும் குஜராத் வித்யாபீடத்தின் ஒத்துழைப்புடன் மின்வடிவில் உருவாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிடப்பட்டன.

எனினும், திரும்பப் பெறப்பட்ட பதிப்பின் படிகள் இணையத்தில் இன்றும் பல இடங்களில் உலவுகின்றன. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. மூலப் பதிப்பு 100 தொகுதிகள் கொண்டது. திருத்திய மின்பதிப்போ 98 தொகுதிகள் கொண்டது. மூலப் பதிப்பில் 'சத்திய சோதனை' 39ஆம் தொகுதியில் உள்ளது. மற்றதில் 44ஆம் தொகுதியில் உள்ளது. பரிந்துரைப் பட்டியலில் இணைய முகவரியை மட்டும் குறிக்காமல், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டியதன் காரணம் இதுவே. அரசு வெளியீடு என்பதாலேயே ஒரு நூல் பிழையற்றதாகிவிடாது. சரிபார்ப்போர் இருந்தமையால்தான் இப்பிழை களையப்பட்டது. இச்செய்தியும் மாணவருக்குரிய பாடந்தான்.

எங்கே கிடைக்கும்?

நம்பகமான வளங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது காந்தி பாரம்பரிய இணையதளமாகும். சபர்மதி ஆசிரமப் பாதுகாப்பு நினைவு அறக்கட்டளையினர், மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் இதனை உருவாக்கினர். 2013இல் தொடங்கப்பட்ட இத்தளத்தில் ஆங்கிலத் தொகுப்பும், இந்தி, குஜராத்தித் தொகுப்புகளும் பக்கவாரியாக உள்ளன. காந்தியடிகள் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்', 'யங் இந்தியா', 'நவஜீவன்', 'ஹரிஜன்' ஆகிய இதழ்களையும் அச்சான வடிவிலேயே காணலாம். 1903இல் டர்பன் நகரில் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஒப்பீனியன்' தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது என்பது தமிழ் மாணவருக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும்.

அடுத்தது, இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம். இதில் ஆங்கில ஆட்சிக் காலத்து உள்துறைக் கோப்புகள் பல மின்வடிவில் கிடைக்கின்றன. காந்தியடிகள் என்ன சொன்னார் என்பதை முதல் தளம் காட்டும். அவரைக் குறித்து அரசு தனக்குள் என்ன எழுதிக்கொண்டது என்பதை இத்தளம் காட்டும்.

கலைக்களஞ்சியத் தளங்கள் தொடக்கப் படிப்புக்கு உதவும். ஆயினும் அவற்றின் கட்டுரையைவிட, கட்டுரையின் அடியில் தரப்படும் சான்றுக் குறிப்புகளே ஆசிரியருக்குப் பயன்மிக்கவை.

தனியார் தளங்களில் காந்தியடிகளின் நூல்கள் பெருகியதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. அவருடைய எழுத்துகளின் பதிப்புரிமை நவஜீவன் அறக்கட்டளையிடம் இருந்தது. மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுக் காலம் முடிந்ததும், 2009 ஜனவரி 1 முதல் அவ்வுரிமை காலாவதியாயிற்று. அதன்பின் எவரும் அவற்றை வெளியிடலாம் என்றாயிற்று. நூல்கள் எளிதில் கிடைக்கத் தொடங்கியது இதன் நன்மை. சுருக்கியும் திருத்தியும் பெயரின்றியும் வெளியிடப்பட்ட படிகள் மலிந்தது இதன் மறுபக்கம்.

சொல்லாத சொற்கள்

இணையத்தில் காந்தியடிகளின் பெயரால் மிகுதியாகப் பரவுவன பொன்மொழிகளே. அவற்றுள் பல அவருடையன அல்ல. உலகில் நாம் காண விரும்பும் மாற்றமாக நாமே இருக்க வேண்டும் என்னும் கருத்துடைய வாசகம் அஞ்சல் அட்டை முதல் பள்ளிச் சுவர் வரை அவர் பெயருடன் காணப்படுகிறது. அச்சொற்கள் அவருடைய தொகுப்பில் அந்த வடிவில் இல்லை. அவற்றுக்கு நெருங்கிய கருத்து, 1913இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் உடல்நலம் பற்றி அவர் குஜராத்தியில் எழுதிய தொடரில் வருகிறது. அதுவும் பாம்புக்கடி பற்றிய கட்டுரையில். மனிதன் தன் இயல்பை மாற்றிக்கொண்டால் உலகம் அவனிடம் நடந்துகொள்ளும் முறையும் மாறும் என்பது அங்குள்ள கருத்து. சுருக்க வாசகத்தை மட்டும் படிக்கும் மாணவர் ஓர் அறிவுரையைப் பெறுகிறார். மூலத்தைப் படிப்பவரோ, பிற உயிர்களின்பால் பகையின்மை என்னும் அவருடைய அடிப்படைக் கொள்கையையே அறிகிறார்.

முதலில் புறக்கணிப்பர், பின்னர் நகைப்பர், அதன்பின் எதிர்ப்பர், முடிவில் வெற்றி நமதே என்னும் பொருளுடைய வாசகத்துக்கும் காந்தியடிகளிடம் சான்று இல்லை. அதனை ஒத்த சொற்களை 1918இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஆடைத் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கலஸ் கிளைன் என்பவர் பேசியுள்ளார்.

நாளும் இடமும் இதழின் பெயரும் இல்லாத பொன்மொழித் தொகுப்புகளை வகுப்பறையிலிருந்து முற்றிலும் விலக்குவதே முறை. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். அவை தரும் மேற்கோளைத் தொகுப்பில் கண்டறிய இயலாவிடில், அதனை மேற்கோளாகக் கொள்ளலாகாது.

நாள் ஏன் முக்கியம்?

காந்தியடிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதியவர். தம் கருத்துகளை மாற்றிக்கொள்ளத் தயங்காதவர். ஒரே பொருள் பற்றித் தாம் எழுதிய இரண்டு கருத்துகள் முரண்படக் கண்டால் பிந்தியதையே எடுத்துக்கொள்ளுமாறு 1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'ஹரிஜன்' இதழில் வாசகர்களுக்கு அவரே கூறியுள்ளார். நாள் குறிப்பிடப்படாத தொகுப்பைப் படிப்பவர் இவ்வேண்டுகோளை நிறைவேற்ற இயலாது.

இதனை ஒரு கடினமான எடுத்துக்காட்டால் விளக்கலாம். தென்னாப்பிரிக்க வாழ்வின் முற்பகுதியில் அவர் எழுதியவற்றில் அந்நாட்டு ஆப்பிரிக்க மக்களைத் தாழ்த்திப் பேசும் சொற்கள் உள்ளன. அவை முதற்சில தொகுதிகளில் மறைவின்றி அச்சாகியுள்ளன. அவற்றின் காரணமாக எழுந்த எதிர்ப்பின் விளைவாக, கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. புகழுரைத் தொகுப்பில் மட்டும் அவரைக் கற்ற மாணவர் இச்செய்தியை எதிர்பாராமல் காண நேரிடும்போது, ஒன்று அதனை நம்ப மறுப்பார்; அல்லது தாம் கற்ற அனைத்தையும் பொய்யெனத் தள்ளிவிடுவார். இவ்விரண்டும் கல்வியாகா. அப்பகுதிகளையும், பல இனங்களும் கலந்து உருவாகும் ஒரு நாகரிகத்தை அவர் எதிர்நோக்கிப் பேசிய 1908 மே மாத ஜோகன்னஸ்பர்க் உரையையும், பிற்காலக் கட்டுரைகளையும் நாள் வரிசையில் வைத்துப் படிக்கும் மாணவர், ஒரு மனிதரின் குறையையும் வளர்ச்சியையும் ஒருங்கே எடைபோடக் கற்பார்.

வளத்தின் எல்லையையும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். 'சத்திய சோதனை' 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக வந்தது. அதன் வரலாறு 1920ஐ ஒட்டிய காலத்தோடு நின்றுவிடுகிறது. எனவே உப்புச் சத்தியாகிரகமோ 'வெள்ளையனே வெளியேறு' இயக்கமோ அதில் இடம்பெறவில்லை. 1893இல் நிகழ்ந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரயில் நிகழ்ச்சியும் முப்பது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதே.

பிறர் குரல்கள்

ஒரு தலைவரை அவருடைய சொற்களை மட்டும் கொண்டு கற்பிக்க இயலாது. அவரோடு முரண்பட்டவர்களின் வாதங்களும் மூல வடிவில் மாணவருக்குக் கிடைக்க வேண்டும். இதற்கு ஏற்ற பாடம் 1936ஆம் ஆண்டின் சாதி பற்றிய விவாதமாகும். அவ்வாண்டில் டாக்டர் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை நூலாக வெளியிட்டார். அதற்குக் காந்தியடிகள் ஜூலை மாத 'ஹரிஜன்' இதழ்களில் மறுமொழி எழுதினார். அம்மறுமொழியையும் தம் பதிலையும் சேர்த்து 1937இல் அம்பேத்கர் அடுத்த பதிப்பை வெளியிட்டார். 'ஹரிஜன்' இதழ்கள் காந்தி பாரம்பரியத் தளத்தில் உள்ளன. அம்பேத்கரின் நூல், மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்டுவரும் அவருடைய எழுத்துகள், உரைகள் வரிசையின் முதல் தொகுதியில் உள்ளது. இவ்வரிசையும் இணையத்தில் கிடைக்கிறது. இரு தளங்களையும் அருகருகே வைத்து நடத்தப்படும் பாடத்தில் ஆசிரியர் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. வாதங்களை மாணவரே வரிசைப்படுத்துவர்.

இதுபோன்றே 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை எனக் காந்தியடிகள் கருதியதையும், இரவீந்திரநாத் தாகூர் அதனை மறுத்ததையும் பிப்ரவரி மாத 'ஹரிஜன்' இதழிலேயே காணலாம். தம்மை மறுத்த அறிக்கையைத் தம் இதழிலேயே அவர் வெளியிட்டார் என்பதும் கற்பிக்க வேண்டிய செய்தியாகும்.

ஒலியும் ஒளியும் மொழியும்

1982இல் வெளியான ரிச்சர்டு அட்டன்பரோவின் திரைப்படம் காந்தியடிகளின் வாழ்வை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆனால் அது நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட கதைப்படம் என்பதை மாணவருக்குத் தெளிவாக்க வேண்டும். அதன் காட்சிகளை அசல் படங்களாகக் கொள்ளும் தவறு நேரக்கூடும். அசல் காட்சிகளுக்கு, 1968இல் விட்டல்பாய் ஜவேரி தொகுத்து உருவாக்கிய ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆவணப்படம் உள்ளது. அதற்கும் முன்னோடியாக 1940இல் ஏ. கே. செட்டியார் பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைத் திரட்டித் தமிழில் ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டார். காந்தியடிகளின் சொந்தக் குரல், 1931இல் இலண்டனில் எடுக்கப்பட்ட இசைத்தட்டுப் பதிவில் கிடைக்கிறது. 1947 நவம்பர் 12 அன்று தில்லி வானொலி நிலையத்திலிருந்து குருட்சேத்திர அகதிகளுக்காக அவர் ஆற்றிய உரையும் உண்டு. அவர் வானொலி நிலையத்துக்கு நேரில் சென்றது அந்த ஒரு முறையே.

மொழியையும் கருத வேண்டும். காந்தியடிகளின் முக்கிய நூல்கள் பல குஜராத்தியில் எழுதப்பட்டவை. 1909 நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் எழுதிய 'இந்து சுவராஜ்' நூலை அவரே 1910இல் ஆங்கிலமாக்கினார். நாகரிகம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'சிவிலிசேஷன்' என்று வரும் இடத்தில் குஜராத்தி மூலத்தில் 'சுதாரோ' என்ற சொல் உள்ளது. சீர்திருத்தம் என்ற பொருளும் அதற்கு உண்டு. தமிழில் படிப்பவருக்கு ரா. வேங்கடராஜுலுவின் 'சத்திய சோதனை' மொழிபெயர்ப்பும், காந்தி நூல் வெளியீட்டுக் கழகத்தின் தொகுதிகளும் பயன்படும். மொழிபெயர்ப்பாளர் பெயரோ மூல நூலின் குறிப்போ இல்லாத தமிழ்ப் பக்கங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு மாதிரிப் பாடம்

மேற்கூறிய விதிகளை உப்புச் சத்தியாகிரகப் பாடத்தில் எவ்வாறு கையாளலாம் எனக் காண்போம். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்ட பயணம் ஏப்ரல் 5 அன்று தண்டியை அடைந்தது. மறுநாள் உப்புச் சட்டம் மீறப்பட்டது. உடன் சென்றோர் எத்தனை பேர் என மாணவர்களைத் தேடச் செய்தால் ஒரு தளம் 78 என்றும், மற்றொன்று 80 என்றும், வேறொன்று 81 என்றும் கூறும். தூரம் சில தளங்களில் 385 கிலோமீட்டர். சிலவற்றில் 390 கிலோமீட்டர்.

இம்முரண்பாட்டையே பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளலாம். பயணம் தொடங்கியபோது காந்தியடிகளுடன் சென்றவர்கள் 78 பேர். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் 'யங் இந்தியா' இதழில் அந்த மார்ச் மாதமே வெளியாயிற்று. 2019 ஜனவரி 30 அன்று தண்டியில் திறக்கப்பட்ட தேசிய நினைவகத்தில் காந்தியடிகளுடன் 80 சத்தியாகிரகிகளின் சிலைகள் உள்ளன. வழியில் சேர்ந்தோரையும் கணக்கிட்டால் எண் கூடும். காந்தியடிகளைச் சேர்த்து எண்ணுவதா, விடுத்து எண்ணுவதா என்பதாலும் ஒன்று வேறுபடும். 241 மைல் என்பதைக் கிலோமீட்டராக மாற்றும்போது தூரமும் சிறிது மாறுகிறது. எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதை இவ்வாறு தாமே கண்டறிந்த மாணவர் அவற்றை எளிதில் மறப்பதில்லை.

அடுத்து, அரசப் பிரதிநிதி இர்வின் பிரபுவுக்குக் காந்தியடிகள் மார்ச் 2 அன்று எழுதிய கடிதத்தை 43ஆம் தொகுதியில் படிக்கச் செய்யலாம். பின்னர், மாகாண அரசுகள் இரு வாரங்களுக்கொருமுறை உள்துறைக்கு அனுப்பிய அறிக்கைகளுக்குச் செல்லலாம். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2007இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூல் இவ்வறிக்கைகளை எடுத்துக்காட்டி, மக்கள் எழுச்சியை ஒப்புக்கொள்ள ஆட்சியாளர் எவ்வாறு தயங்கினர் என்று விளக்குகிறது. கடிதம், பெயர்ப் பட்டியல், அரசு அறிக்கை, அசல் படக்காட்சி ஆகிய நான்கும் இருந்தால் இரண்டு பாட வேளைகளுக்குப் போதும். இருபது இணைப்புகளைக் கொடுத்து மாணவரைத் திகைக்க வைக்க வேண்டியதில்லை.

அலுவலர்களின் கடமை

பரிந்துரைப் பட்டியல் தயாரிப்போர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். ஒவ்வொரு வளத்துக்கும் அதனை நடத்தும் நிறுவனம், பதிப்பு, மொழி, பயன்படும் வகுப்பு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். முகப்புப் பக்கத்தின் முகவரியைத் தந்து நின்றுவிடாமல் தொகுதி எண், இதழின் நாள், பக்கம் ஆகியவற்றையும் தர வேண்டும். முகவரிகள் மாறினாலும் இக்குறிப்புகள் மாறா. ஆண்டுக்கொருமுறை இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். இணைய வசதி குன்றிய பள்ளிகளுக்குத் தேவையான பக்கங்களை அச்சிட்டோ நினைவகக் கருவியில் பதிந்தோ அனுப்பலாம். பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் காந்தியடிகளின் சொந்த எழுத்துகளுக்கு இதில் தடை இல்லை. மொழிபெயர்ப்புகளுக்கும் படங்களுக்கும் தனியுரிமை இருக்கக்கூடும் என்பதால் அவற்றின் நிலையை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

காந்தியடிகளின் பிறந்த நாளன்று பள்ளிதோறும் அவருடைய பொன்மொழிகள் எழுதப்படுகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் மாணவர் ஒருவர் தொகுப்பில் தேடிக் கண்டு, அது எந்த நாளில் யாருக்கு எழுதப்பட்டது என்று வகுப்பில் எடுத்துரைப்பாராயின், அவ்விழா பயனுள்ளதாகும். தேடிக் காணாமல், அது அவருடையதன்று என்று சான்றுடன் கூறுவாராயின் அதுவும் பயனுள்ளதே. உண்மையைச் சோதித்து அறிவதையே தம் வாழ்வின் பணியாகக் கொண்ட தலைவரைக் கற்பிக்க, சோதித்து அறியும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பதே பொருத்தமான வழியாகும்.